எது கடைசி டிராயிங்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தொழிற்கூடங்களை நோக்கி பி.எல்.எம். மென்பொருள் விற்பனையாளர்கள் வரிசை கட்டுகிறார்கள். டீம்சென்டரா, வின்ட்சில்லா, 3டி எக்ஸ்பீரியன்ஸா? யாருக்கு எது சரிவரும், யார் இப்போதைக்கு வாங்கவே வேண்டாம்?

காரின் அடிப்பகுதியில் ஒரு பைப்பைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன இரும்பு பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருக்கும் துளையின் விட்டம் 8.5 மில்லிமீட்டர். வண்டிக் கம்பெனியின் டிசைன் பிரிவு ஒருநாள் அதை 9 ஆக்குகிறது. டிராயிங்கின் வலது கீழ் மூலையில் ‘ரெவ் சி’ என்று இருந்தது ‘ரெவ் டி’ ஆகிறது. அவர்கள் பக்கம் வேலை அத்தோடு முடிந்தது.

அம்பத்தூர் பக்கம் இனிமேல்தான் ஆரம்பம். பிரஸ் டூலில் பஞ்சையும் டையையும் மாற்ற வேண்டும். கோ, நோ கோ கேஜ் புதிதாக வேண்டும். கன்ட்ரோல் பிளான், இன்ஸ்பெக்‌ஷன் ஷீட், மெஷின் பக்கத்தில் தொங்கும் பிராசஸ் ஷீட் எல்லாம் மாற வேண்டும். ஜாப் ஒர்க்குக்காகத் திருமுல்லைவாயலுக்கு அனுப்பிய பழைய பிரின்ட்டைத் திரும்ப வாங்க வேண்டும். செய்து அடுக்கி வைத்திருக்கும் சரக்கை என்ன செய்வது? துளை பெரிதாகியிருப்பதால் மறுபடி டிரில் போட்டுத் தப்பிக்கலாம். சிறிதாகியிருந்தால் அத்தனையும் ஸ்க்ராப். ஆனால் முலாம் பூசிய பிறகு டிரில் போட்டால் துளையின் உள்சுவரில் துரு ஏறும்; எனவே அந்தச் சரக்கைத் திரும்ப முலாமுக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் பாக ஒப்புதலுக்கான ‘பிபாப்’ கோப்பைப் புதுப்பித்து கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இதில் ஒரே ஒரு தாள் மாறாமல் போனால் போதும். பழைய டிராயிங்கைப் பார்த்து ஆபரேட்டர் மிகச் சரியாக, நூற்றுக்கு நூறு தரத்தோடு, தவறான பொருளைச் செய்து தள்ளுவார். அடுத்த வாரம் ரிஜெக்‌ஷன் வரும், அதன் பின்னாலேயே டெபிட் நோட் வரும்.

பி.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ‘பிராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்’ மென்பொருள் இந்தச் சங்கிலியைக் காப்பதற்காகவே உருவானது. ஒரு பொருளின் டிராயிங், முப்பரிமாண மாடல், பாகங்களின் பட்டியல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியிலிருந்து அமல் என்ற வரலாறு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படியோ, உற்பத்திப் பொருளுக்கு இது அப்படி.

டேலியும் ஈ.ஆர்.பி.யும் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று பல முதலாளிகள் கேட்பார்கள். டேலி பணத்தைப் பார்க்கும். ஈ.ஆர்.பி. சரக்கையும் ஆர்டரையும் பார்க்கும். ஸ்டோரில் எத்தனை பிராக்கெட் இருக்கிறது என்று ஈ.ஆர்.பி. சொல்லும், அதில் எத்தனை ரெவ் சி, எத்தனை ரெவ் டி என்பதை யாராவது சரியாகப் பதிந்திருந்தால்தான் சொல்லும். இந்தத் துளை ஏன் மாறியது, இது மாறினால் வேறு எந்தெந்த அசெம்பிளி பாதிக்கும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்காது.

ஜீப்பில் தொடங்கியது

இந்தத் துறையின் பிறப்பைப் பலரும் 1985-ல் வைக்கிறார்கள். அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு அளவுக்குப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஜீப் செரோக்கிக்கு அடுத்த வண்டியை வேகமாக உருவாக்க வேண்டும். பொறியியல் பிரிவின் தலைவர் ஃபிரான்சுவா காஸ்தேங் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். டிசைனைக் கணினிக்குக் கொண்டுபோனார். எல்லா டிராயிங்கையும் மாற்றக் குறிப்பையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்தார். 1987-ல் கிரைஸ்லர் அந்தக் கம்பெனியை வாங்கியபோது இந்த முறையும் சேர்ந்தே போனது.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத பாடம் ஏர்பஸ் ஏ380. ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு வயர் ஓடுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் குழு கேட்டியா மென்பொருளின் 4-வது பதிப்பில் வேலை செய்தது. பிரான்சின் துலூஸ் குழு 5-வது பதிப்பில். இரண்டும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசவில்லை. ஹாம்பர்க்கில் தயாரான வயர்க் கட்டுகள் துலூஸில் விமானத்துக்குள் பொருந்தாமல் குட்டையாக நின்றன. 2006-ல் தாமதத்துக்கு மேல் தாமதம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் சுமார் இரண்டு வருடங்கள் பிந்தி, 2007 அக்டோபரில்தான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது. இத்தனைக்கும் இரண்டு குழுக்களுமே உலகின் விலை உயர்ந்த மென்பொருளைத்தான் வைத்திருந்தன.

மேற்குச் சென்னையின் கணக்கு வேறு

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. அதற்கு முன்பே, 1949-ல், டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்துவிட்டது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் என்று 1960-களில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுக்குப் பாகம் செய்து கொடுத்து வளர்ந்தவைதான் பேட்டையின் பல ஷெட்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதும் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள திருமழிசை, திருமுடிவாக்கம் பேட்டைகளுக்கும் வேலை பெருகியது.

இந்த வட்டாரத்தின் பெரும்பாலான கூடங்களுக்குச் சொந்த டிசைன் கிடையாது. கஸ்டமர் கொடுக்கும் டிராயிங்கின்படி செய்து கொடுப்பதுதான் தொழில். அதனால் இங்கே கேள்வியும் மாறுகிறது. புதிய பொருளை எப்படி வடிவமைப்பது என்பது இவர்கள் கவலை இல்லை. பத்து கஸ்டமர், பத்து விதமான எண் முறை, ஒருவர் போர்ட்டலில் போடுவார், ஒருவர் மெயிலில் அனுப்புவார், அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ வரும். இவற்றில் எது கடைசி டிராயிங் என்பதே கவலை.

கண்டுபிடிக்க இன்று இருக்கும் வழி என்ன? தரக் கட்டுப்பாட்டு மேசையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். சிவப்பு மையில் ‘கன்ட்ரோல்டு காப்பி’ ஒன்று, ‘அப்சலீட்’ மற்றொன்று. புதிய பிரின்ட் வந்தால் முதலாவதைக் குத்தி, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். பழையதைத் திரும்ப வாங்கி இரண்டாவதைக் குத்த வேண்டும். ஒழுங்காக நடந்தால் இது நல்ல முறைதான். கணினியில் மட்டும் கதை வேறு. ஒரே ஃபோல்டரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லேட்டஸ்ட் ஃபைனல்’ என்று மூன்று கோப்பு உட்கார்ந்திருக்கும். எந்த ஸ்டாம்ப்பும் அங்கே எட்டாது.

வாகனத் துறையின் தரச் சான்றான ஐ.ஏ.டி.எஃப். 16949 இதில் சலுகை காட்டுவதில்லை. கஸ்டமரிடமிருந்து டிசைன் மாற்றம் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் பரிசீலனை முடிந்திருக்க வேண்டும் என்கிறது. பிபாப் ஆவணங்களை, அந்தப் பாகம் உற்பத்தியிலும் ஸ்பேரிலும் இருக்கும் வரைக்கும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும். ஒரு மாடலுக்கு உற்பத்தியும் ஸ்பேரும் சேர்ந்து பதினைந்து வருடம் என்றால் பதினாறு வருடக் காகிதம். நாடு பி.எஸ். 5-ஐத் தாண்டி நேராக பி.எஸ். 6-க்குத் தாவிய 2020 ஏப்ரல் 1-ஐ ஒட்டி எஞ்சின், சைலன்சர், எரிபொருள் சார்ந்த பாகங்களின் டிராயிங்குகள் மொத்தமாக மாறின. மின்வாகனம் வந்த பிறகு மாற்றத்தின் வேகம் இன்னும் கூடியிருக்கிறது.

இத்தோடு வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. மெஷினைக் கழுவி, மோட்டாரைக் காயவைத்து ஓட்டலாம். தரையோடு இருக்கும் பீரோவில் நனைந்த டிராயிங்கையும், மேசைக்கடியில் மூழ்கிய சி.பி.யு.வில் இருந்த ஒரே பிரதியையும் அப்படி மீட்க முடியாது.

ஐந்து பெயர்கள், ஐந்து குணங்கள்

சந்தையில் பெரிய கை மூன்று. சீமன்ஸின் டீம்சென்டர் முதலாவது. 2007-ல் யு.ஜி.எஸ். நிறுவனத்தை 350 கோடி டாலருக்கு சீமன்ஸ் வாங்கியபோது கைக்கு வந்தது. பல ஆலைகள், பல்லாயிரம் பாகங்கள், கணினியில் வரைவதற்கான பல கேட் மென்பொருள்கள் ஒரே கூரைக்குள் இருக்கும் இடத்தில் இதன் பலம் தெரியும். டிசைன் பிரிவின் பாகப் பட்டியலையும் ஷாப் ஃப்ளோரின் பாகப் பட்டியலையும் இணைத்துப் பிடிப்பதில் கெட்டிக்காரன். விலையும் அதற்கேற்ப. நிர்வகிக்கத் தனியாக ஆள் வேண்டும். கிளவுட் வடிவமான டீம்சென்டர் எக்ஸ் 2020-ல் வந்தது.

இரண்டாவது, பி.டி.சி.யின் வின்ட்சில். 1998-ல் கையகப்படுத்தியது முதலே பிரவுசரில் இயங்கும்படி வளர்த்தார்கள். மாற்றக் கோரிக்கை, ஒப்புதல், அமல் தேதி என்ற ஓட்டத்தில் இதன் ஒழுங்கு பேர்போனது. பி.டி.சி.யின் கேட் மென்பொருளான க்ரியோவில் டிசைன் செய்கிறவர்களுக்கு இயல்பான துணை. 2021-ல் பி.டி.சி. 71.5 கோடி டாலருக்கு வாங்கிய அரீனா, கிளவுடிலேயே பிறந்த எளிய பி.எல்.எம்.; மின்னணுப் பொருள் செய்கிறவர்கள் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, பிரான்சின் டசால்ட் சிஸ்டம்ஸ். 2006-ல் மேட்ரிக்ஸ் ஒன் நிறுவனத்தை வாங்கி தன் எனோவியாவோடு சேர்த்து, 2012-ல் 3டி எக்ஸ்பீரியன்ஸ் என்ற மேடையாக்கியது. டசால்ட்டின் கேட்டியாவைக் கேட்கும் விமானத் துறை, கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்கிறவர்கள் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் தன் மேடைக்குள் இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு; பாதி மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பவருக்குச் சங்கடம்.

அடுத்த படியில் ஆட்டோடெஸ்க். ஆட்டோகேட், இன்வென்டர் வைத்திருக்கும் கூடங்களுக்கு டிராயிங் கோப்புகளைக் காக்கும் அதன் வால்ட் கைக்கு அருகில் இருக்கிறது. ஒப்புதல் ஓட்டம் வேண்டுமானால் கிளவுடில் ஃபியூஷன் மேனேஜ். சாலிட்ஒர்க்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, டிசைன் கோப்புகளை நிர்வகிக்கும் சாலிட்ஒர்க்ஸ் பி.டி.எம். இருக்கிறது. புரொஃபஷனல், பிரீமியம் உரிமங்களோடு அதன் ஸ்டாண்டர்ட் பதிப்பு சேர்ந்தே வந்திருக்கிறது. காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதற்கு முன், ஏற்கெனவே வாங்கிய உரிமத்துக்குள் என்ன இருக்கிறது என்று டீலரைக் கேட்பது நல்லது.

ஐந்தாவது ஆரஸ் இன்னோவேட்டர். 2007-ல் உரிமக் கட்டணத்தையே எடுத்துவிட்டு, ஆதரவுக்கும் அப்கிரேடுக்கும் மட்டும் சந்தா என்ற பாதையில் திரும்பிய கம்பெனி. இஷ்டம்போல் வளைக்கலாம். வளைக்கத் தெரிந்த புரோகிராமர் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எஸ்.ஏ.பி.யில் ஏற்கெனவே வாழ்கிறவர்கள் அதன் சொந்த பி.எல்.எம். பகுதியைப் பரிசீலிக்கலாம். ஓடூவிலும் ஒரு பி.எல்.எம். பகுதி உண்டு, கட்டணப் பதிப்பில். சின்ன அசெம்பிளிக் கூடங்களுக்கு அதுவே போதலாம்.

தமிழக அரசும் இந்தப் போட்டியில் ஒரு பக்கம் சாயவில்லை. 2022-ல் தரமணி டைடல் பார்க்கில் அரசின் டிட்கோ திறந்த உயர்திறன் மையங்களில் டான்கேம் டசால்ட்டோடு சேர்ந்தது. டான்சாம் சீமன்ஸோடு சேர்ந்தது. சந்தையில் மோதும் இரண்டு மேடைகளை ஒரே வளாகத்தில் பார்த்துவிட்டு வரலாம். பேட்டைக்காரர்கள் அம்பத்தூரிலிருந்து தரமணி வரை ஒருநாள் போய்வருவது வீண்போகாது.

ஆவடியின் பாடம்

பி.எல்.எம்.மின் முழு அருமை தெரிய வேண்டுமானால் ஆவடிக்குப் போக வேண்டும். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு டி-72. பிறகு ரஷ்யத் தொழில்நுட்ப உரிமத்தில் டி-90. இங்கே உருவான முதல் டி-90 பீஷ்மா 2009 ஆகஸ்டில் ராணுவத்தின் கைக்குப் போனது. பக்கத்திலேயே 1976-ல் தொடங்கிய டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான சி.வி.ஆர்.டி.ஈ. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. 124 அர்ஜுன்கள் படையில் சேர்ந்தபின், 72 மேம்பாடுகளோடு அர்ஜுன் மார்க்-1ஏ வந்தது. 2021 செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கையெழுத்தானது. அடுத்த மாதம், அக்டோபர் 1-ல், ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது அவற்றில் ஒன்றான ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்டது.

ஒரு டாங்கி முப்பது, நாற்பது வருடம் படையில் இருக்கும். 1970-களின் கடைசியில் வந்த டி-72 இன்னும் ஓடுகிறது. அதற்குள் பாகங்கள் பலமுறை மாறியிருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு டாங்கிக்குள் இருப்பது ஒரே பாகம் என்று சொல்ல முடியாது. வரிசை எண்ணைச் சொன்னால்தான் எந்த ஸ்பேர் பொருந்தும் என்று தெரியும். இதற்காகப் பாதுகாப்புத் துறையில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு தளவாடத்துக்கும் முத்திரையிட்ட மூல டிராயிங்கை வைத்திருக்கும் அதிகாரம் ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான். ஏ.எச்.எஸ்.பி. என்பார்கள். டிசைன் முதிரும்வரை ஆய்வகத்திடம் இருக்கும், பிறகு தர உறுதிப் பிரிவுக்குக் கைமாறும். அதன் அனுமதி இல்லாமல் ஒரு கோடும் மாறாது. கணினிக்கு முந்தைய காலத்திலேயே பிறந்த பி.எல்.எம். தத்துவம் இது: மென்பொருள் என்னவாக இருந்தாலும், ‘இதுதான் கடைசி’ என்று சொல்லும் அதிகாரம் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

ஆவடிக்குப் பாகம் கொடுக்க நினைக்கும் சிறு கூடங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதுகாப்புத் துறை டிராயிங்கை எங்கே சேமிக்கலாம் என்பதை ஒப்பந்தத்தின் ரகசிய விதிதான் தீர்மானிக்கும். வெளிநாட்டு சர்வரில் இருக்கும் கிளவுட் பி.எல்.எம்.மில் தூக்கிப் போடுவதற்கு முன் அதைப் படித்தாக வேண்டும்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவு

லைசென்ஸ் கட்டணம் கண்ணுக்குத் தெரியும் செலவு. ஆட்டோடெஸ்க் 2016-ல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது, பி.டி.சி.யும் அதன்பின் சந்தாவுக்கு மாறியது. ஒருமுறை வாங்கிப் பத்து வருடம் ஓட்டும் பேட்டைப் பழக்கத்துக்கு இது புதிது. சந்தா நின்றால் கதவும் சாத்தப்படும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தெரியாத செலவு, பழைய குப்பையை ஒழுங்குபடுத்துவது. இருபது வருட டிராயிங்குகளில் ஒரே பாகத்துக்கு மூன்று எண் இருக்கும், ஒரே எண்ணில் இரண்டு பாகம் இருக்கும். அதை அப்படியே மென்பொருளுக்குள் கொட்டினால் குழப்பம் வேகமாகத் தேடக் கிடைக்கும், தீராது. எண்ணைச் சரிசெய்யும் வேலையை விற்பனையாளரின் ஆட்களால் செய்ய முடியாது. அது உள்ளே இருக்கும் மூத்த டூல் ரூம் ஃபோர்மேனும் தரப் பொறுப்பாளரும் உட்கார்ந்து செய்ய வேண்டியது. அவர்களுக்கு உற்பத்தி நெருக்கடியிலிருந்து சில வாரங்கள் விடுப்பு கொடுக்க முதலாளிக்கு மனம் வர வேண்டும்.

மூன்றாவது செலவு பழக்கம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் செட்டர் கையில் கிரீஸோடு வந்து திரையில் ஆறு பொத்தானை அழுத்த மாட்டார். மெஷின் அருகே ஒரு டேப்லெட்டில் பாக எண்ணை ஸ்கேன் செய்தால் நடப்பு டிராயிங் மட்டும் திறக்க வேண்டும், பழையது கண்ணிலேயே படக் கூடாது. இந்த ஒரு வசதி சரியாக இல்லாவிட்டால் மற்ற நூறு வசதிகளும் அலங்காரமே.

யாருக்கு எது?

கஸ்டமர் டிராயிங்கை மட்டும் வைத்துத் தொழில் செய்யும், கணினியில் இரண்டு மூன்று பேர் அமரும் ஷெட்களுக்கு பி.எல்.எம். இப்போதைக்கு வேண்டாம். ஒழுங்கான எண் முறை, ஒரு டிராயிங் ரிஜிஸ்டர், மாற்றம் வந்தால் கையெழுத்தாகும் ஒரே படிவம், கேட் மென்பொருளோடு வரும் அடிப்படை வால்ட், வெள்ளம் எட்டாத வேறோர் இடத்தில் தினசரி பேக்கப். இவ்வளவும் ஒரு வருடம் தவறாமல் நடந்தால் ஐ.ஏ.டி.எஃப். ஆடிட்டரையும் சமாளிக்கலாம், ரிஜெக்‌ஷனும் குறையும்.

சொந்த டிசைன் கொஞ்சம், கஸ்டமர் டிசைன் மீதி என்று பத்து முதல் ஐம்பது பேர் கணினியில் இருக்கும் நடுத்தரக் கம்பெனிகள், தங்கள் கேட் எதுவோ அதன் வீட்டு பி.டி.எம்.மை முதலில் எடுக்கலாம். அதன் மேல் ஒப்புதல் ஓட்டத்துக்கு ஃபியூஷன் மேனேஜ், அரீனா போன்ற கிளவுட் வகைகளை ஒப்பிடலாம். கேட் மாறினால் டிரெய்னிங், டூலிங், மாடல் எல்லாம் மாறும் என்பதால், பி.எல்.எம்.முக்காகக் கேட்டை மாற்றுவது தலைகீழ் வேலை.

பல ஆலை, சொந்தப் பொருள், ஏற்றுமதி என்று இருப்பவர்களுக்கு மூன்று பெரிய கைகளில் ஒன்று தேவைப்படும். அங்கே வசதிப் பட்டியலை விட முக்கியமானது, பெரிய கஸ்டமர் எதில் இருக்கிறார் என்பது. மாடலும் மாற்றமும் அவரிடமிருந்து நேராக ஓடி வந்தால் பாதி வேலை மிச்சம். கையில் நல்ல புரோகிராமர் குழு இருந்தால் மட்டும் ஆரஸையும் பட்டியலில் சேர்க்கலாம்.

எந்த அளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: விலகும் நாளில் எல்லா மாடலும் ஐ.எஸ்.ஓ. 10303 தரமான ஸ்டெப் வடிவிலும், எல்லா டிராயிங்கும் பி.டி.எஃப்.பிலும், மாற்ற வரலாறு அட்டவணையாகவும் திரும்பக் கிடைக்க வேண்டும். இதை எழுத மறுப்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, டெமோ நாள். விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிப் பொருள் எப்போதும் அழகாகச் சுழலும். அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். போன வருடம் உங்களுக்கு டெபிட் நோட் வாங்கித் தந்த அந்த டிராயிங்கை எடுத்துக் கொடுங்கள். அதே மாற்றத்தை உங்கள் ஆட்களை வைத்து, கோரிக்கையிலிருந்து மெஷின் வரை, அவர் மென்பொருளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதை ஓட்டிக் காட்டியவருக்குப் போடுங்கள் பர்சேஸ் ஆர்டரை.